வெள்ளி கொட்டினால் வீடு கிடைக்குமா?

"இடம் பிடித்துவிட்டது. பேரத்தை முடித்துவிடு!" என்கிறார் சீமான்.

"முடித்துவிடலாம் ஐயா. ஆனால்..." என்று இழுக்கிறார் தரகர்.

"என்ன 'ஆனால்'? விலையை ஏற்றிவிட்டானா?"

"விலை ஏறவில்லை ஐயா. அதே 50 இலட்சம் வெள்ளிதான். முத்திரை வரி ஒன்று இருக்கிறது."

"எந்த ஊரில்தான் முத்திரை வரி இல்லை? கட்டிவிடுவோம். எவ்வளவு?"

"32 இலட்சத்து 39 ஆயிரத்து 600 வெள்ளி, ஐயா!"

சீமானுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. இருபதாவது மாடியின் கண்ணாடிச் சுவரோரம் நின்று, கீழே மின்னும் கடலையும் கப்பல்களையும் இரசித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று திரும்புகிறார். "நான் கேட்டது வரியை, நீ சொன்னது இன்னொரு வீட்டின் விலையையா?" என்கிறார். "வரியைத்தான் ஐயா சொன்னேன். 14 நாளில் கட்டவேண்டும்" என்கிறார் தரகர்.

சீமானும் தரகரும் நாம் படைத்துக்கொண்ட பாத்திரங்கள். தொகை நாம் படைத்ததன்று! சிங்கப்பூர் அரசின் சட்டம் விதித்திருக்கும் தொகை அது. டாலரை 'வெள்ளி' என்று சொல்வது அந்த ஊர்த் தமிழர் வழக்கம். 50 இலட்சம் வெள்ளிக்குக் கூட்டுரிமை மாடி வீடு ஒன்றை வெளிநாட்டவர் வாங்கினால், எல்லோரும் கட்டவேண்டிய சாதாரண முத்திரை வரி 2,39,600 வெள்ளி. அதற்குமேல், 'நீ இந்நாட்டவன் அல்லன்' என்ற ஒரே காரணத்துக்காகக் கூடுதல் முத்திரை வரி நூற்றுக்கு 60; அதாவது 30 இலட்சம் வெள்ளி!

அதே வீட்டை, அதே விலைக்கு, அந்நாட்டுக் குடிமகன் தன் முதல் வீடாக வாங்கினால்? கூடுதல் வரி ஒரு காசும் இல்லை.

ஏன் இந்த வேற்றுமை? செல்வத்தை வரவேற்றுச் செழித்த ஊர் சிங்கப்பூர். கப்பலுக்குக் கதவு திறந்த ஊர். வங்கிக்குக் கதவு திறந்த ஊர். உலகத்துக் கோடீசுவரர்களுக்குக் கம்பளம் விரித்த ஊர். அந்த ஊர் வீட்டு வாசலில் மட்டும் காவலாளியை நிறுத்தியிருப்பானேன்? சிந்திக்கவேண்டிய செய்தி இது. சிங்கப்பூரைப்பற்றி மட்டும் சிந்திக்கவேண்டிய செய்தியும் அன்று.

படிப்படியாக எழும்பிய மதில்

இந்த மதில் ஒரே நாளில் எழும்பவில்லை. 2011 டிசம்பரில்தான் முதன்முதலாக வெளிநாட்டவருக்குக் கூடுதல் முத்திரை வரி வந்தது. அன்று அது 10 விழுக்காடு. 2013 ஜனவரியில் 15 ஆயிற்று. 2018 ஜூலையில் 20. 2021 டிசம்பரில் 30. 2023 ஏப்ரல் 26ஆம் நாள், நள்ளிரவு நெருங்கும் வேளையில் ஓர் அறிவிப்பு வந்தது: நாளை முதல் 60! முதல்நாள் மாலை பேரம் பேசியவர், இரவு உறங்கி எழுவதற்குள் வரி இரட்டிப்பாகிவிட்டது. முன்கூட்டி அறிவித்தால், முண்டியடித்து வாங்கிக் குவித்துவிடுவார்கள் அல்லவா?

குடிமக்களுக்கும் முற்றும் விலக்கு உண்டென்று எண்ணிவிடக் கூடாது. முதல் வீட்டுக்குத்தான் விலக்கு. இரண்டாவது வீடு வாங்கினால் 20 விழுக்காடு, மூன்றாவதற்கு 30. நிரந்தரவாசியாக இருப்பவர் முதல் வீட்டுக்கு 5 விழுக்காடு கட்டவேண்டும். கம்பெனியின் பெயரில் வாங்கித் தப்பலாம் என்று பார்த்தால், கம்பெனிக்கு 65!

இந்தப் படிநிலையைக் கூர்ந்து பாருங்கள். 'இருக்க ஒரு வீடு கேட்கிறாயா? வா. இன்னொன்று வேண்டுமா? விலை கொடு. இருக்கவே போவதில்லை, பணத்தைப் பூட்டிவைக்கப் பெட்டிதான் வேண்டுமா? பெருவிலை கொடு.' அந்த வரியின் பேச்சு இதுதான்.

வாங்கியபின்னும் கட்டுப்பாடு விடுவதில்லை. 2025 ஜூலை 4 முதல் வாங்கிய வீட்டை ஓராண்டுக்குள் விற்றால், விற்பவரும் 16 விழுக்காடு வரி கட்டவேண்டும். இரண்டாம் ஆண்டில் 12. மூன்றாம் ஆண்டில் 8. நான்காம் ஆண்டில் 4. வாடகைக்கு விடலாம், ஆனால், மூன்று மாதத்துக்குக் குறைவாக விடலாகாது. நாள் வாடகைக்கு விட்டு வீட்டை விடுதியாக்க முடியாது. உரிமையாளர் குடியிராத வீட்டுக்கு ஆண்டுதோறும் கட்டும் சொத்து வரியும் அதிகம். வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பில் 12 முதல் 36 விழுக்காடு வரை.

இவ்வளவும் கட்டினால், அந்த நாட்டில் தங்கும் உரிமையாவது கிடைக்குமா? கிடைக்காது! வீடு வேறு, வீசா வேறு. வீட்டுச் சாவி நாட்டுச் சாவி ஆகாது என்பது அவர்கள் கொள்கை.

எரிந்த குடிசையும் எழுந்த மாடியும்

இந்தக் கண்டிப்பின் காரணத்தை அறிய, அறுபது ஆண்டுகளுக்குமுன் அந்தத் தீவு எப்படி இருந்தது என்று பார்க்கவேண்டும்.

1961 மே 25. புக்கிட் ஹோ சுவீ என்ற இடத்தில் அத்தாப்புக் கூரைக் குடிசைகள் நெருக்கியடித்து நின்றன. தீப்பற்றியது. ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்து தெருவில் நின்றார்கள். அதற்கு முந்திய ஆண்டு, 1960 பிப்ரவரியில்தான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியிருந்தது. பச்சைக் குழந்தையான அந்தக் கழகத்தின் தோளில் 16,000 பேரின் பாரம் விழுந்தது. தாங்கிற்று! எரிந்த மண்ணிலேயே அடுக்குமாடிகள் எழுந்தன. முதல் ஐந்தாண்டில் கழகம் கட்டிய வீடுகள் 50,000க்கும் மேல்.

1964இல், வாடகைக்கு மட்டுமின்றி விலைக்கும் வீடு தரத் தொடங்கினார்கள். 1966இல் நிலம் கையகப்படுத்தும் சட்டம் வந்தது. பொதுத் தேவைக்கு நிலத்தை எடுக்கும் வலிமை அரசுக்குக் கிடைத்தது. நிலம் வைத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், சிலர் வயிறு எரிந்தார்கள், அது பொய்யன்று. 1968இல் தொழிலாளர் தம் மத்திய சேம நிதியிலிருந்தே வீட்டுத் தவணை கட்ட வழி பிறந்தது. சொந்த வீடு உள்ளவனுக்கே நாட்டின்மீது பற்று வேரூன்றும் என்பது அன்றைய பிரதமர் லீ குவான் யூவின் உறுதியான எண்ணம்.

விளைவு? இன்று அந்நாட்டில் வாழும் குடிமக்கள், நிரந்தரவாசிகளில் ஐவரில் ஏறக்குறைய நால்வர் கழகம் கட்டிய வீட்டில் இருக்கிறார்கள். பத்துக் குடும்பத்தில் ஏறத்தாழ ஒன்பது, தாம் குடியிருக்கும் வீட்டுக்குத் தாமே உரிமையாளர்.

எவ்வளவு நிலத்தில் இத்தனையும்? ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டரில்! நம் சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அதுபோல் இரண்டு மடங்குகூட இல்லாத தீவில், விமான நிலையம், துறைமுகம், நீர்த்தேக்கம், படைத்தளம் அத்தனையும் போக, 60 இலட்சம் பேர் தலைசாய்க்கவேண்டும். அவர்களுக்குப் பின்புறம் தள்ளிக் குடியேற ஒரு செங்கற்பட்டு இல்லை. ஒரு திருவள்ளூர் இல்லை. ஊரும் அதுவே, நாடும் அதுவே!

ஆகவேதான் அரை நூற்றாண்டுக்கு முன்பே எச்சரிக்கையானார்கள். 1973 செப்டம்பரிலேயே, வெளிநாட்டவர் குடியிருப்புச் சொத்து வாங்கக் கட்டுப்பாடு விதித்தார்கள். 1976இல் அதைச் சட்டமாக்கினார்கள். மண்ணோடு சேர்ந்த தரைவீட்டை அரசின் தனி அனுமதியின்றி வெளிநாட்டவர் வாங்க முடியாது. செந்தோசாத் தீவின் ஒரு மூலையில் மட்டும், அதுவும் அனுமதி பெற்று, 99 ஆண்டுக் குத்தகை உரிமையோடு தரைவீடு வாங்க வழி வைத்திருக்கிறார்கள். கழக வீட்டை வெளிநாட்டவர் வாங்கவே முடியாது. எஞ்சியது கூட்டுரிமை மாடி வீடு. நீச்சல் குளமும் காவற்காரரும் கொண்ட அந்த மாடிகள்தாம் அயல்நாட்டுச் செல்வர்க்குத் திறந்த கதவு. அந்தக் கதவின் நிலைப்படியில்தான் இந்த 60 விழுக்காடு உட்கார்ந்திருக்கிறது!

அநீதி இல்லையா?

"பணம் கொடுத்து வாங்குகிறேன், பிடுங்கவில்லை, திருடவில்லை. என்மீது மட்டும் ஏன் இந்த வரி?" என்று சீமான் கேட்கக்கூடும். கேட்கட்டும். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சீமானே! நீர் வாங்கும் பொருள் கைக்கடிகாரமாக இருந்தால், தடுப்பார் எவருமில்லை. நூறு கடிகாரம் வாங்கினாலும், தொழிற்சாலை நூற்றொன்றாவதைச் செய்துவிடும். நிலத்தைச் செய்ய எந்தத் தொழிற்சாலை இருக்கிறது? கடலைத் தூர்த்து எடுத்த நிலத்துக்கும் ஓர் எல்லை உண்டு. உமக்கு அது நான்காவது வீடு. நான்கு ஊரில் நான்கு. அங்கே பிறந்து, பள்ளிக்கூடம் போய், படைப்பயிற்சி பெற்று, மணமுடிக்கக் காத்திருக்கும் இளைஞனுக்கு அது ஒரே ஊர். உமது பணமும் அவனது சம்பளமும் ஒரே ஏலத்தில் மோதினால், வெல்வது எது? உலகத்துப் பணத்தோடு உள்ளூர்ச் சம்பளம் மல்லுக்கு நிற்பது, யானையோடு ஆட்டுக்குட்டி மோதுவது போல!

ஆனால், இந்த வரியில் குறையே இல்லை என்று நாம் சாதிக்கவும் போவதில்லை. குறை உண்டு. இரண்டைச் சொல்வோம்.

முதலாவது: எல்லா வெளிநாட்டவரும் அவர்களுக்கு ஒன்றல்லர். அமெரிக்கக் குடிமக்களுக்கும், ஐசுலாந்து, லீக்டன்ஸ்டைன், நார்வே, சுவிட்சர்லாந்து நாட்டவர்க்கும் இந்த வரியில் சிங்கப்பூர்க் குடிமகனுக்குரிய சலுகை உண்டு. தடையிலா வணிக ஒப்பந்தங்கள் தந்த வரம் அது. நியூயார்க்கிலிருந்து வரும் கோடீசுவரர் முதல் வீட்டுக்குக் கூடுதல் வரி கட்டமாட்டார். நாகப்பட்டினத்திலிருந்து போய்ப் பத்தாண்டாக அங்கேயே உழைக்கும் பொறியாளர் 60 விழுக்காடு கட்டவேண்டும்! மண்ணைக் காப்பதே நோக்கமென்றால், கடவுச்சீட்டின் நிறம் பார்த்து மதிலில் வழி விடுவானேன்?

இரண்டாவது: இந்த வரிக்குக் கண் இல்லை. பணத்தைப் பூட்டிவைக்க வருபவரும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, அந்த ஊர்ப் பேருந்தில் ஏறி, அந்த ஊர் வருமான வரி கட்டி வாழ்பவரும் அதற்கு ஒன்றே. அங்கே வேலை அனுமதியில் இருக்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பல. நிரந்தரவாச உரிமை கேட்டு விண்ணப்பித்து, காத்திருந்து, மீண்டும் விண்ணப்பித்து, ஆண்டுக்கு ஆண்டு வாடகை வீடு மாறுகின்றன. குடிமகனை மணந்தவருக்கு விலக்கு உண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கும் முதல் வீட்டுக்குக் கூடுதல் வரியிலிருந்து விடுபடலாம். மற்றவர்க்கு இல்லை. குடியிருப்பவரையும் குவித்துவைப்பவரையும் பிரித்துப் பார்க்கும் கண் அந்த வரிக்கு வேண்டும். அது இல்லாத மட்டும், நல்ல நோக்கத்தின் நடுவே ஒரு நோவு இருந்துகொண்டே இருக்கும்.

மற்ற ஊர்களில் என்ன?

சிங்கப்பூர் தனித்து நிற்கவில்லை. உலகின் பல நகர்களில் இதே கேள்வி இன்று கதவைத் தட்டுகிறது.

கனடாவின் வாங்கூவர் நகரில், வீடு காலியாகக் கிடந்தால் வரி என்று 2017இல் கொண்டுவந்தார்கள். 1 விழுக்காடாகத் தொடங்கியது, 2021இல் 3 ஆயிற்று. வெளிநாட்டவர் வீடு வாங்குவதையே 2023 ஜனவரி 1 முதல் கனடா தடைசெய்தது. பின்னர் அந்தத் தடையை 2027 ஜனவரி 1 வரை நீட்டியது. 2018இல் நியூசிலாந்து கதவை அடைத்தது. ஆஸ்திரேலியருக்கும் சிங்கப்பூரருக்கும் மட்டும் விலக்கு வைத்தது. 2025 ஏப்ரல் 1 முதல் ஈராண்டுக்கு, கட்டி முடித்த பழைய வீடுகளை வெளிநாட்டவர் வாங்கக் கூடாது என்றது ஆஸ்திரேலியா. புது வீடு கட்டச் செய்தால் தடையில்லை என்றது. வீட்டின் எண்ணிக்கையைக் கூட்டுபவரை விடு, இருப்பதைப் பறிப்பவரைத் தடு என்னும் அந்த வேறுபாடு கவனிக்கத்தக்கது.

ஸ்பெயின் நாடு 2013இல், ஐந்து இலட்சம் யூரோவுக்கு வீடு வாங்கினால் தங்கும் உரிமை தருவதாகக் கடை விரித்தது. 2025 ஏப்ரலில் அந்தக் கடையைக் கட்டிவிட்டது. 2023 அக்டோபரில் போர்ச்சுகலும் வீடு வாங்கி வீசா பெறும் வழியை மூடியது. விற்றபோது கிடைத்த யூரோ இனித்தது. லிஸ்பன் நகரத்துப் பிள்ளைகளுக்கே வாடகை கட்டுபடியாகாதபோது அது கசந்தது!

இலண்டன் மாநகரைப் பாருங்கள். விலையுயர்ந்த அடுக்கக வீடுகள் பலவற்றில் உரிமையாளர் யார் என்று பதிவேட்டைப் புரட்டினால், மனிதர் பெயர் வராது. எங்கோ ஒரு தீவில் பதிந்த கம்பெனியின் பெயர் வரும். அந்தக் கம்பெனியின் பின்னால் இருப்பவர் யார் என்று பதிவுசெய்தே தீரவேண்டும் எனச் சட்டம் வந்தது 2022இல்தான். அதுவரை முகமூடியே முகவரி!

துபாயோ எதிர்த் திசையில் நடக்கிறது. 2002இல் வெளிநாட்டவர்க்குக் கதவு திறந்தது. 2006இல் அதற்குச் சட்டம் செய்தது. குறித்த பகுதிகளில் முழு உரிமையோடு வாங்கலாம். பதிவுக் கட்டணம் 4 விழுக்காடு. 20 இலட்சம் திர்ஹம் மதிப்புள்ள சொத்துக்குப் பத்தாண்டு வீசா! அங்கே வாழ்பவரில் மிகப் பெரும்பாலோர் வெளிநாட்டவரே. அந்த ஊரின் கணக்கு வேறு. சிங்கப்பூரின் கணக்கு வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பழிப்பது முறையன்று. தன் குடிமக்களுக்கு என்ன கடமை என்று ஒவ்வோர் ஊரும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவேண்டும்.

பணத்துக்குப் பின்னால் யார்?

வருகிற பணமெல்லாம் வியர்வையில் விளைந்த பணமா? 2023 ஆகஸ்டில் சிங்கப்பூர்க் காவல்துறை ஒரே நாளில் பல இடங்களில் சோதனை நடத்தியது. வெளிநாட்டவர் பத்துப் பேர் பிடிபட்டார்கள். கறுப்பை வெள்ளையாக்கிய குற்றம். முடக்கிய, கைப்பற்றிய சொத்தின் மதிப்பு ஏறத்தாழ 300 கோடி வெள்ளி. அதில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட வீடு, கட்டடங்கள்! 2024இல் பத்துப் பேரும் தண்டனை பெற்றார்கள்.

கண்டிப்புக்குப் பேர்போன ஊரிலேயே இப்படி. 60 விழுக்காடு என்ன, 100 விழுக்காடு வரி போட்டாலும், உழைக்காமல் வந்த பணம் அஞ்சாது. சலவைக்குக் கூலி கொடுத்ததாக எண்ணிக்கொள்ளும்! ஆகவே, வரிக்கு முன்னால் வேறொரு கேள்வி வேண்டும்: 'இந்தப் பணம் உனக்கு எப்படி வந்தது?' அந்தக் கேள்வியைத் தரகர் கேட்கவேண்டும், வழக்கறிஞர் கேட்கவேண்டும், வங்கி கேட்கவேண்டும். தரகுக் கூலிக்கு ஆசைப்பட்டு மூவரும் வாய் மூடினால், முத்திரை வரியால் மட்டும் ஊரைக் காக்க முடியாது.

நம் சீமான்களுக்கு ஒரு சொல்

சென்னையிலும் கோவையிலும் இருந்து அங்கே மாடி வாங்க எண்ணுவோர் உண்டு. அவர்கள் நம் நாட்டுச் சட்டத்தையும் அறிந்துகொள்வது நலம். ரிசர்வ் வங்கி விதிப்படி, இங்கே வாழும் ஒருவர் ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடிய தொகை இரண்டரை இலட்சம் அமெரிக்க டாலர். 2004இல் 25,000 டாலராகத் தொடங்கிய வரம்பு அது. 2013இல் ரூபாய் தள்ளாடியபோது அதைக் குறைத்ததோடு, வெளிநாட்டில் வீடு வாங்குவதையும் தடுத்தார்கள். மறு ஆண்டு தடையை நீக்கினார்கள். 2015இல் வரம்பு இன்றைய அளவை எட்டியது. குடும்பத்தார் தத்தம் வரம்பை ஒன்றுசேர்க்கலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் சீமானின் மாடிக்கு வரி மட்டுமே 32 இலட்சம் வெள்ளிக்கு மேல். ஒருவர் தம் வரம்பு முழுவதையும் அனுப்பினாலும், வரியைக் கட்டி முடிக்கவே ஏறக்குறையப் பத்தாண்டு! விலையும் வரியும் சேர்த்தால், ஏறக்குறைய 25 பேரின் ஓராண்டு வரம்பு வேண்டும். அனுப்பும் தொகை பத்து இலட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 20 விழுக்காட்டை வங்கி முன்வரியாகப் பிடிக்கும். பின்னர் வருமான வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். வாங்கிய சொத்தை ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்கில் காட்டவேண்டும். மறைத்தால், 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டம் பாயும். நேர்வழியில் இவ்வளவு நெருக்கடி. குறுக்கு வழி சொல்லித் தருகிறேன் என்று ஒருவர் வந்தால், அவர் வழி சிறைக்கும் போகும் என்பதை மறக்கவேண்டா.

"இவ்வளவு கெடுபிடியா!" என்று மூக்கின்மேல் விரல் வைப்பவர்க்கு ஒன்று: நம் நாட்டில் மட்டும் கதவு திறந்தா கிடக்கிறது? வெளிநாட்டில் வாழும் அயல்நாட்டவர், இந்திய வழித்தோன்றல் அல்லாதவர், இங்கே வீடோ நிலமோ விலைக்கு வாங்க நம் சட்டம் இடம் தருவதில்லை. வெளிநாடு வாழ் இந்தியர்கூட விவசாய நிலம் வாங்க முடியாது. நம் மண்ணுக்கு நாம் வேலி போட்டது சரியென்றால், அவர்கள் மண்ணுக்கு அவர்கள் வேலி போட்டதைக் குறை சொல்ல நமக்கு வாய் ஏது?

இன்னொரு வெளிநாட்டவர்

வெளிநாட்டவர் என்றால் வாங்க வருபவர் மட்டுந்தானா? அந்த மாடியைக் கட்டியவர் யார்?

ஞாயிறு மாலை சிராங்கூன் சாலைக்குப் போனால் அவர்களைக் காணலாம். புதுக்கோட்டைத் தமிழ், தஞ்சைத் தமிழ், இராமநாதபுரத் தமிழ் காதில் விழும். வங்காள மொழியும் கலந்து ஒலிக்கும். ஆறு நாள் சாரத்தில் ஏறி இறங்கியவர்கள், ஏழாம் நாள் திடலில் உட்கார்ந்து ஊருக்குப் பேசுகிறார்கள். இருபதாவது மாடிக்குக் காரை கலந்தவர் இவர்; கண்ணாடி பொருத்தியவர் இவர். அந்தக் கண்ணாடி வழியே கடலைப் பார்த்துத்தான் நம் சீமான் "இடம் பிடித்துவிட்டது" என்றார்!

இவர்க்கு அந்த ஊரில் எவ்வளவு இடம்? 2021இல் வந்த விதிப்படி, புதிதாகக் கட்டும் தொழிலாளர் விடுதியில் ஓர் அறையில் 12 பேருக்கு மிகக் கூடாது, ஆளுக்கு 4.2 சதுர மீட்டர் இடம் தரவேண்டும். நம் கணக்கில் 45 சதுர அடி! இது திருத்திய விதி. இதற்கு முன்பிருந்த நெருக்கத்தின் விலையை 2020 ஏப்ரலில் உலகமே பார்த்தது. கொரோனா நோய் அந்த விடுதிகளில் காட்டுத்தீயாய்ப் பரவியது. பல மாதம் அவர்கள் அறையை விட்டு வெளிவர முடியாமல் அடைபட்டுக் கிடந்தார்கள்.

இவர் மனைவி மக்களை அழைத்துச் சென்று உடன் வாழ அந்த வேலை அனுமதியில் இடமில்லை. ஊரில் தங்கையின் கலியாணக் கடன் அடைக்கவும், ஒழுகும் ஓட்டை மாற்றித் தளம் போடவுமே அவர் சம்பாத்தியம் போகிறது. பத்தாண்டு கழித்துத் திரும்பும்போது, அவர் கட்டிய மாடியில் அவருக்கு ஓர் இரவு தங்கவும் வழியில்லை.

சீமானுக்கு 60 விழுக்காடு வரி என்றதும் உலகத்து ஏடுகளெல்லாம் தலைப்பிட்டு எழுதின. இவருக்கு 45 சதுர அடி என்பதை எத்தனை ஏடுகள் எழுதின? வெளிநாட்டுச் செல்வரின் பேராசையை அடக்கிய கை, வெளிநாட்டு உழைப்பாளியின் தோளையும் தடவவேண்டும். அதுவே அந்தச் சட்டத்துக்கு முழு நியாயம் தரும்.

மதில் மட்டும் போதாது

60 விழுக்காட்டால் பயன் விளைந்ததா? வெளிநாட்டவர் வாங்குவது சடாரெனச் சரிந்தது, உண்மை. விலை இறங்கியதா? இறங்கவில்லை, ஏறும் வேகம் தணிந்தது. தனியார் வீட்டு விலை 2021இல் 10.6 விழுக்காடு ஏறிற்று, 2022இல் 8.6; 2023இல் 6.8, 2024இல் 3.9. பாய்ந்த குதிரை நடக்கத் தொடங்கியது; நிற்கவில்லை.

வெளிநாட்டவர் நுழையவே முடியாத கழக வீட்டுச் சந்தையிலும் விலை சும்மா இருக்கவில்லை. மறுவிற்பனைக் கழக வீடு ஒன்று பத்து இலட்சம் வெள்ளியைத் தொட்டது 2012இல். அன்று அது அதிசயம். 2024இல் ஒரே ஆண்டில் அப்படி விற்றவை ஆயிரத்துக்கும் மேல்! இங்கே அயலானைக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டைக் கூடாகப் பார்த்தவன், அதையே குதிரைப் பந்தயச் சீட்டாகப் பார்க்கத் தொடங்கினால் விளைவது இது. அதுவும் 99 ஆண்டுக் குத்தகை வீடு. ஆண்டு தேயத் தேய மதிப்பும் தேயவேண்டிய வீடு!

ஆகவே, வெளியாரைத் தடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர் பாதி உண்மையே சொல்கிறார். மதில் கட்டியதால் மட்டும் அந்தத் தீவு தன் மக்களுக்கு வீடு தரவில்லை. மதிலுக்குள்ளே வீட்டைக் கட்டியது, இலட்சக்கணக்கில் கட்டியது, தொழிலாளியின் சேமிப்பைக் கொண்டே அவனை உரிமையாளனாக்கியது. வரி, வாசலுக்குக் காவல். கட்டுவதே குடிக்குக் காவல்.

நம் ஊரைப் பாருங்கள். நாம் அயல்நாட்டாரைத் தடுத்துத்தான் வைத்திருக்கிறோம். எனினும் சென்னையில் ஓர் ஆசிரியரின் மகன் சம்பளத்தில் சொந்த வீடு வாங்கிவிட முடிகிறதா? கூவம் கரையிலிருந்து அகற்றிய குடும்பங்களுக்குப் பெரும்பாக்கத்தில் மாடி கிடைத்தது. பழகிய வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் வெகுதூரம் போயின. வேலி நமக்கும் இருக்கிறது. வேலிக்குள் விளையவேண்டிய பயிர்தான் போதவில்லை.

நம் சீமான் என்ன ஆனார்? தரகரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "துபாயில் என்ன விலை?" என்று கேட்டுக்கொண்டே மின்தூக்கியில் இறங்கிப் போயிருப்பார். அவருக்கு உலகமெல்லாம் ஊர். அவரைப்பற்றி நமக்குக் கவலை வேண்டா.

அவர் கைவிட்டுப்போன மாடியில், என்றாவது ஒருநாள் ஒரு குடும்பம் குடியேறட்டும். அடுப்பு எரியட்டும், பிள்ளைகள் ஓடட்டும், இரவில் விளக்கு எரியட்டும். விளக்கு எரிகிற வீடே வீடு. எரியாத வீடு, எத்தனை கோடி வெள்ளி கொட்டிக் கட்டினாலும், பணம் உறங்கும் பெட்டியே!